வாயை மூடுமுன் வந்த பதில்

முகில்மலைக்கு ஏறுகிறவர்கள் வரிசையாகத்தான் ஏறுவார்கள். முன்னால் வழி தெரிந்த ஒருவர் நடப்பார். கடைசியில் பொங்கல் பானை சுமக்கிறவர் வருவார். நடுவில் மற்றவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், கட்டுச்சோறு, ஊர்க்கதை, சிரிப்பு எல்லாம்.

மருதையன் கடைசி ஆள். மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து அவர் தலையில் பானைதான்.

அங்கே மலையேறக் கற்றுத்தரும் குரு சிலம்பாயி. மருதையனின் மூத்த மகளைவிட இளையவள். எல்லோரும் அவளைக் குருவம்மா என்பார்கள். அவள் மருதையனை அண்ணே என்பாள். அவர் அவளை அம்மா என்பார். பார்க்கிறவர்களுக்கு இதில் யார் பெரியவர் என்று குழப்பமாக இருக்கும். அவர்கள் இரண்டு பேருக்கும் அந்தக் குழப்பம் இருந்ததில்லை.

ஒரு சாயங்காலம் குருவம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மருதையன் எதிரில் வந்து உட்கார்ந்தார். தானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணே. காம்பு விழாம உருவிக்கிட்டே கேளுங்க."

"நான் மாறியிருக்கேனா?"

"எதுலேருந்து?"

மருதையன் கொத்திலிருந்து ஒரு காம்பை உருவிப் போட்டார்.

"எங்க ஊர்ல நான் சொன்னதுதான் சட்டம். இன்னிக்கு மழை வராதுன்னு நான் சொன்னா, நனைஞ்சுக்கிட்டே ஆமாங்கன்னு நிப்பாங்க. என் வீட்டுக்காரி ஒருத்திதான் இல்லைம்பா. எதுக்கெடுத்தாலும் இல்லைம்பா. அவ போனப்புறம் வீடு ஒரேயடியா அமைதியாயிடுச்சு. அது தாங்காமத்தான் இங்க வந்தேன்."

"வந்து?"

"வந்து பானை சுமந்தேன். காட்டுல படுத்தேன். அட்டை கடிச்சுது. மழையில நடந்தேன். கோபம் குறைஞ்சிருக்கு, முட்டிவலி கூடியிருக்கு. மத்தபடி இந்த மலை என்னை வளர்த்திருக்கா இல்லையான்னு எனக்கே தெரியலை."

"தெரிஞ்சாகணுமா?"

"தெரிஞ்சாத்தான் அடுத்ததைக் கேக்க முடியும்."

"அடுத்தது என்ன?"

"நாளன்னிக்கு ஊர்க்காரங்க பொங்கல் வைக்க மேல சுனைக்கு ஏறுறாங்க. நான் முன்னாடி நடக்கணும்."

குருவம்மாவின் கை கீரையிலேயே நின்றது.

"நடக்க விடலைன்னா?"

"மூட்டையைக் கட்டிக்கிட்டு மக வீட்டுக்குப் போயிடுறேன். பேத்தியைத் தூக்கிக்கிட்டுத் திரியலாம். பானையைவிட அது கனம் கம்மி."

குருவம்மா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"சரி. நாளைக்கு நாம ரெண்டு பேரும் ஏறுவோம். நீங்க முன்னாடி, நான் பின்னாடி."

"வழி சொல்வீங்களா?"

"மாட்டேன்."

"தப்பிப் போயிட்டா?"

"நில்லுங்க. குரல் கொடுங்க."

இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முகில்மலையில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெயர் தெரிந்துவிட்டால் மலை அந்த ஆளைக் கூப்பிட ஆரம்பித்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. அதனால் அங்கே எல்லோருக்கும் ஒரே குரல்தான். வழி தெரியாமல் நிற்கிறவர் 'கூ' என்று நீட்டுவார். கேட்டவர் அதே 'கூ'வைத் திருப்பிக் கொடுப்பார். பதில் வரும் திசையைப் பார்த்து நடந்தால் ஆளிடம் போய்ச் சேர்ந்துவிடலாம்.

*

மறுநாள் விடிந்தும் விடியாமலும் கிளம்பினார்கள். தலையில் பானை இல்லாமல் நடப்பது மருதையனுக்கு என்னவோ போல இருந்தது. கழுத்து தானாக நிமிர்ந்தது. கை ரெண்டும் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கின.

பின்னால் வரும்போது பார்க்க எப்போதும் ஒரு முதுகு இருக்கும். இப்போது முதுகு இல்லை. புல்லும் கல்லும்தான் இருந்தன. இத்தனை தடவை ஏறின வழி இதுதானா என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

வேங்கைமரத்தைத் தாண்டி வலது கைப்பக்கம் திரும்பியதும் மேகம் இறங்கியது.

முதலில் மரங்கள் போயின. பிறகு பாதை போனது. நீட்டிய கை மட்டும் தெரிந்தது. திரும்பிப் பார்த்தார். குருவம்மா இல்லை.

நின்றார். குரல் கொடுத்தார்.

"கூ..."

கொஞ்சம் பொறுத்து மேலேயிருந்து பதில் வந்தது. "கூ..."

மருதையனுக்குப் புரியவில்லை. பின்னால் வந்தவள் எப்படி மேலே போனாள்? அப்புறம் அவரே காரணமும் கண்டுபிடித்துக்கொண்டார். இந்த அம்மாவுக்குத் தெரியாத குறுக்குவழியா?

பதில் வந்த பக்கம் ஏறினார். மறுபடி குரல் கொடுத்தார். மறுபடி பதில். இந்தத் தடவை சீக்கிரமே வந்தது. அவருக்கு மனசு லேசாகிவிட்டது. கூப்பிட்ட குரலுக்கு ஆள் இருக்கிறது. அவர் நீட்டிக் கொடுத்தால் அதுவும் நீட்டியது. குறுக்கிக் கொடுத்தால் அதுவும் குறுக்கியது. தொட்டிலில் கிடக்கும் பிள்ளையோடு விளையாடுவதுபோல அவர் கொடுத்துக்கொண்டே ஏறினார். பதில் கிட்டே வந்துகொண்டே இருந்தது.

கடைசியில் அவர் வாயை மூடுமுன்னே பதில் வந்தது.

"இதோ வந்துட்டேம்மா" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினார்.

கையில் பட்டது பாறை. ஈரமாக, செங்குத்தாக, மேலே எங்கே முடிகிறது என்று தெரியாத பாறை.

தடுமாறி ஒரு கால் பின்னால் வைத்தார். குதிகாலில் ஒரு கல் புரண்டது. புரண்டு போன கல் விழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தார். அது வெகுநேரம் வரவில்லை. வந்தபோது மிகவும் கீழேயிருந்து வந்தது.

மருதையன் பாறையில் முதுகை ஒட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இவ்வளவு நேரமும் தன்னோடு தானே பேசிக்கொண்டு வந்திருக்கிறார். அது புரிந்தது. இனி என்ன செய்வது என்பது புரியவில்லை. குரல் கொடுத்தால் பாறை பேசும். கொடுக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. ரெண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். மடியில் வறுத்த கடலை இருந்தது. அதில் நாலைந்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கடலையை மெல்லும் சத்தம்கூடப் பாறையில் பட்டு அவருக்கே திரும்பிக் கேட்டது. மெல்லுவதையும் நிறுத்தினார்.

பாறையில் தண்ணீர் சொட்டியது. ஏதோ ஒரு பறவை தொண்டையைச் செருமியது. வேறொன்றும் இல்லை.

அப்புறம், கீழே எங்கேயோ, மெல்லிசாக ஒரு "கூ..."

மருதையன் அசையவில்லை. இது எந்தப் பாறை? நான் கொடுத்த எந்தக் குரல் இப்போதுதான் திரும்பி வருகிறது? வாயைக் கையால் பொத்திக்கொண்டு காத்திருந்தார்.

மறுபடி வந்தது. அவர் கூப்பிடாமல் வந்தது.

அந்தப் பக்கம் இறங்கினார். உட்கார்ந்து உட்கார்ந்து, கையால் துழாவித் துழாவி இறங்கினார். குரல் எப்போதாவதுதான் வந்தது. ரெண்டு குரலுக்கும் நடுவில் வெறும் மேகம். அந்த நடுவில்தான் பெரும்பாலும் நடக்க வேண்டியிருந்தது.

வேங்கைமரத்தடியில் குருவம்மா உட்கார்ந்திருந்தாள். அறுந்துபோன செருப்புவாரைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தாள்.

"இங்கதான் இருந்தீங்களா?"

"வார் அறுந்துடுச்சு அண்ணே. நீங்க வலது கைப்பக்கம் திரும்புறதைப் பாத்தேன். அதுக்குள்ள மேகம் மூடிடுச்சு."

"நான் அவ்வளவு நேரம் கூப்பிட்டேனே. பதில் கொடுத்திருக்கலாம்ல?"

"கொடுத்துப் பாத்தேன். உங்க குரல், உடனே பாறைக் குரல், மறுபடி உங்க குரல். நடுவுல என் குரலை எங்க வைக்கிறது?"

மருதையன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்கால் ரெண்டும் சிராய்த்திருந்தன. கோபமா வெட்கமா என்று அவருக்கே பிரித்துச் சொல்ல வரவில்லை.

"அந்தப் பாறை கூப்பிட்ட போதெல்லாம் பதில் சொல்லுச்சும்மா. ஒரு தடவைகூடத் தவறலை."

"நல்ல பாறை" என்றாள் குருவம்மா, நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி.

ரெண்டு பேரும் அடிவாரத்துக்கு இறங்கினார்கள். குடிசை வாசலில் மருதையன் சொன்னார்.

"நான் மூட்டையைக் கட்டுறேன்."

"கட்டுங்க. நாளைக்கு வழியில சாப்பிட அவலும் வெல்லமும் வச்சுக் கட்டுங்க. நீங்கதான் முன்னாடி நடக்கறீங்க. பானையை நான் எடுத்துக்கறேன்."

"வழி தப்பினவனையா முன்னாடி விடறீங்க?"

"தப்பாத ஆள் யாரும் இப்போ கைவசம் இல்லை அண்ணே."

அன்று ராத்திரி மருதையன் மூட்டையை ரெண்டு தடவை கட்டினார், ரெண்டு தடவை அவிழ்த்தார். மகள் வீட்டுக்கா, மலைக்கா என்று மூட்டையைப் பார்த்தால் தெரியவில்லை.

*

ஊர்க்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். முன்னால் நிற்பது மருதையன் என்றதும் அவர்களுக்குச் சந்தோஷம். அவரை அவருடைய ஊரில் பார்த்துப் பழகியவர்கள் அதில் பலர்.

"ஐயாவே முன்னாடி வர்றாரா? அப்புறம் என்ன கவலை?"

"ஐயா கண்ணை மூடிக்கிட்டே கூட்டிப் போயிடுவாரு."

மருதையன் கண்ணை நன்றாகத் திறந்துவைத்துக்கொண்டு நடந்தார். வேங்கைமரத்தடியில் இடது கைப்பக்கம் திரும்பினார். பின்னால் பாட்டும் சிரிப்பும் வந்துகொண்டிருந்தன. எல்லோருக்கும் பின்னால், தலையில் பானையோடு குருவம்மா.

அவளுக்கு முன்னால் ஊர்க்காரி ஒருத்தி, பேச்சி. இடுப்பில் ஒரு பெண்குழந்தை. அந்தக் குழந்தையின் ஒரு காலில்தான் கொலுசு இருந்தது, இன்னொன்றை வழியில் எங்கேயோ உதறிவிட்டிருந்தது. பேச்சி அடிவாரத்திலிருந்தே குறை சொல்லிக்கொண்டு வந்தாள். வெயில் என்றாள். வெயில் போனதும் குளிர் என்றாள். வேகமாகப் போகிறார்கள் என்றாள். நின்றால், ஏன் நிற்கிறார்கள் என்றாள்.

புல்வெளிக்கு வந்தபோது மேகம் இறங்கியது.

அந்தப் புல்வெளியில் பாதை கிடையாது. மேகம் இல்லாத நாளில் எதிர்முனையில் மூங்கில் புதர் தெரியும், அதற்கு மேல்பக்கமாகப் போனால் சுனை. இப்போது எதுவும் தெரியவில்லை. முன்னெல்லாம் இந்த இடத்தில் அவர் பார்த்துக்கொண்டு வந்தது முன்னால் போகிறவரின் முதுகை மட்டும்தான்.

மருதையன் நின்றார். மேல்பக்கம் என்று மனசு சொன்னது. நேற்று வலதுபக்கம் என்று சொன்னதும் இதே மனசுதான்.

திரும்பிக் கேட்டார். "வழி சரிதானே?"

"சரிதாங்க ஐயா."

"மேல்பக்கமாத்தானே போகணும்?"

"மேல்பக்கந்தாங்க ஐயா."

மருதையன் மறுபடி கேட்டார்.

"இல்லே, கீழ்ப்பக்கமோ?"

"கீழ்ப்பக்கந்தாங்க..."

அவர் வாயை மூடுமுன்னே பதில் வந்துவிட்டது.

கை தானாக முன்னால் நீண்டது. பாறை எதுவும் தட்டுப்படவில்லை. ஆனாலும் அவருக்கு முதுகில் ஈரம் பட்டதுபோல இருந்தது.

"எல்லாரும் அப்படியே உக்காருங்க."

உட்கார்ந்தார்கள்.

"இனி நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். நீங்களும் பதில் சொல்லாதீங்க. கொஞ்ச நேரம் சும்மா இருப்போம்."

"சரிங்க ஐயா" என்றார்கள் எல்லோரும். பிறகு ஒருவழியாக அடங்கினார்கள்.

மேகம் அவர்களுக்கு மேலே நகர்ந்துகொண்டிருந்தது. யாரோ தும்மினார்கள். குருவம்மா பானையை இறக்கிவைத்துவிட்டுப் பேச்சியின் குழந்தைக்கு ஊறவைத்த அவலை ஊட்டினாள்.

பேச்சிக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை.

"எல்லாருக்கும் காது அடைச்சுப்போச்சா? கீழ்ப்பக்கம் தண்ணிச் சத்தம் கேக்குதே. சுனை அங்க இருக்கு, இவரு மேலயும் கீழயும் பாத்துக்கிட்டு நிக்கிறாரு."

முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் திரும்பினார். "ஏம்மா, ஐயாவுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்? வாயை மூடிக்கிட்டு இரு."

"ஏன் மூடணும்? பிள்ளையைச் சுமக்கிறவ நானு. சுத்திவிட்டா எனக்குத்தான இடுப்பு ஒடியும்?"

மருதையன் வரிசையோரமாகவே நடந்து கடைசிக்கு வந்தார். பேச்சியின் பக்கத்தில் குந்தினார்.

"எங்கம்மா கேக்குது?"

"அந்தா."

காதைக் கொடுத்துக் கேட்டார். ஏதோ சலசலத்தது. தண்ணீரா? தண்ணீர் மாதிரிதான் இருந்தது. தண்ணீர் மாதிரி இல்லாமலும் இருந்தது. குருவம்மாவைப் பார்த்தார். அவள் குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் எழுந்திரிக்காதீங்க. நான் போய்ப் பாத்துட்டு வர்றேன். இந்தம்மா மட்டும் அப்பப்ப குரல் கொடுக்கட்டும். நான் கூப்பிட்டாலும் கூப்பிடாட்டியும் கொடுக்கட்டும்."

"எனக்குத் தொண்டை வலிக்கும்" என்றாள் பேச்சி. ஆனாலும் கொடுத்தாள்.

மருதையன் கீழ்ப்பக்கமாகப் போனார். சலசலப்பு பெரிதானது. கடைசியில் முகத்தில் இலை உரசியது. மூங்கில் புதர். காற்று அதற்குள் புகுந்து தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. தாண்டிப் போக இடமில்லை, ஒரே முள். அப்படியானால் சுனை இதற்கு மேல்பக்கம்.

பேச்சியின் குரலைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"மூங்கில்மா. தண்ணி இல்லை."

"எனக்குத் தண்ணி மாதிரிதான் கேட்டுச்சு."

"எனக்கும்."

வரிசையில் சிரிப்பு ஓடியது. "ஐயா முதல்லயே மேல்பக்கம்னு சரியாத்தான் சொன்னாரு. இவ பேச்சைக் கேட்டுக் காலைச் சிராய்ச்சதுதான் மிச்சம்."

"நாங்களும் மேல்பக்கம்னுதானே சொன்னோம்?"

"கீழ்ப்பக்கம்னும் சொன்னீங்க" என்றார் மருதையன்.

அதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. அவர் மறுபடி முன்னால் போய் நடந்தார். மேல்பக்கமாக. பேச்சி பின்னாலிருந்து, இப்போது ரொம்ப மெதுவாகப் போகிறார் என்றாள்.

பொங்கல் பொங்கும் நேரத்துக்குச் சுனைக்கு வந்துவிட்டார்கள்.

*

எல்லோரும் ஊர் திரும்பிய பிறகு, அடிவாரத்துக் குடிசை வாசலில் குருவம்மா சுனைத்தண்ணீரில் கழுவி வந்த பானையைக் கவிழ்த்து வைத்தாள். அடிக்கரி போகவில்லை. சாம்பலும் தேங்காய்நாரும் எடுத்துக்கொண்டு தேய்க்க உட்கார்ந்தாள்.

மருதையன் எதிரில் உட்கார்ந்தார். முழங்காலில் நேற்றைய சிராய்ப்பும் இன்றைய முள்ளுக்கீறலும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன.

"அம்மா, எனக்கு முன்னைவிடக் குழப்பமா இருக்கு."

"சொல்லுங்க."

"நேத்து பாறை சொன்னதைக் கேட்டேன், வழி தப்பினேன். சரி, அது பாறை. இன்னிக்கு அந்தப் பேச்சி ஒருத்திதான் மனுஷி மாதிரி ஒரு பேச்சுப் பேசினா. அதைக் கேட்டேன். அவளும் தப்பாத்தான் சொன்னா. நேரம் போச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. சரின்னு சொன்னவங்க சொன்ன பக்கந்தான் கடைசியில சுனையும் இருந்துச்சு."

"ஆமா."

"அப்போ நான் அவ சொன்னதைக் கேட்டது தப்பா?"

குருவம்மா பானையைத் திருப்பிவைத்துத் தேய்த்தாள்.

"மூங்கில் புதர் எந்தப் பக்கம் இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"அவ சொன்ன பக்கம் போனேன். முகத்துல இடிச்சுது."

"போகலைன்னா?"

மருதையன் யோசித்தார். "மேல்பக்கம்னு எதை வச்சுப் போயிருப்பேன்னு தெரியலை. மேலன்னா எங்கேருந்து மேல? எனக்கு அப்போ எதுவுமே தெரியலையேம்மா."

குருவம்மா அடிப்பக்கத்தை அழுத்தித் தேய்த்தாள். கரி கொஞ்சம் கொஞ்சமாக விட்டது.

"நான் வளர்ந்திருக்கேனான்னு கேட்டேன். அதுக்கும் இன்னும் நீங்க பதில் சொல்லலை."

"சொன்னா உடனே நம்பிடுவீங்களே அண்ணே."

மருதையன் கொஞ்சம் சாம்பலை அள்ளி அவள் பக்கம் வைத்தார். அப்புறம் கேட்டார்.

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷமும் நீங்கதான் முன்னாடி. பேச்சியைக் கூடவே நடக்கச் சொல்லுங்க. கடைசியில வேண்டாம். உங்க பக்கத்துல."

மருதையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அம்மா, அவ வழி பூரா நொய்நொய்னு வருவா. நான் எது சொன்னாலும் இல்லைன்னு சொல்லுவாளே."

"ஆமா" என்றாள் குருவம்மா. "பாறை சொல்லாது."

மருதையன் பானையைத் தன் பக்கம் இழுத்து, அவள் கையிலிருந்த தேங்காய்நாரை வாங்கிக்கொண்டார். வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தார். எதுவும் கேட்கவில்லை.